மைக்குக்கு எல்லாமே கேட்கும்

குறும்பட ஷூட்டிங் நடக்கப்போகும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒலிப்பதிவாளர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? கூடத்தின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுவார். பிறகு ஆடாமல் அசையாமல் நின்று கேட்பார். மின்விசிறி, ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் ஆட்டோ என ஒவ்வொன்றாகக் காதில் விழும்.

இதெல்லாம் நமக்கு ஏன் தெரிவதில்லை? காதில் விழத்தான் செய்கிறது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுவது மூளையின் வேலை. காலின் செரி என்ற ஆய்வாளர் 1953-இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஹெட்போன் வழியாக ஒருவரின் ஒரு காதுக்கு ஒரு பேச்சு, மறு காதுக்கு வேறு பேச்சு. ஒன்றைக் கவனித்துத் திருப்பிச் சொன்னவர்களுக்கு, மற்றக் காதில் என்ன பேசினார்கள் என்பதே தெரியவில்லை!

மைக்குக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. வருவதையெல்லாம் பதிவு செய்துவிடும். அதனால் ஒதுக்கும் வேலையை மனிதர்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் விசிறியும் ஃபிரிட்ஜும் நிற்கும். சிலர் தங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். கிளம்பும்போது சாவியைத் தேடி அதைத் திறந்தாக வேண்டும். மறுபடி ஆன் செய்ய மறக்கவே முடியாது!

அடுத்து சுவர்கள். கை தட்டியது கணீரென்று நீடித்தால், வெறும் சுவரில் பட்டு ஒலி திரும்பி வருகிறது என்று பொருள். கேமராவில் தெரியாத பக்கங்களில் கம்பளிகளைத் தொங்கவிடுவார்கள். கம்பளி இழைகளுக்குள் புகுந்த காற்றதிர்வு உராய்ந்து, மிகச் சிறிதளவு வெப்பமாக மாறி அடங்கிவிடும்.

இனி மைக். திறந்த வெளியில், பேசுபவரிடமிருந்து தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மைக் வாய்க்கு அருகில் இருக்க வேண்டும். ஆனால் படத்தில் தெரியக் கூடாது. அதற்குத்தான் பூம் என்ற நீண்ட கோல். அதைப் பிடிப்பவர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, யார் பேசுகிறாரோ அவர் பக்கம் மைக்கைத் திருப்பிக்கொண்டே இருப்பார். மைக்கின் நிழல்கூட நடிகர் மேல் விழக் கூடாது.

கோலின் நுனியில் இருக்கும் நீளமான மைக்கை ஷாட்கன் மைக் என்பார்கள். அதன் குழாயின் பக்கவாட்டில் வரிசையாகப் பிளவுகள் இருக்கும். நேர் எதிரே வரும் ஒலி சிதறாமல் உள்ளே போகும். பக்கத்திலிருந்து வருவதோ பல பிளவுகள் வழியே நுழைந்து, முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்து, ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும்.

கிளாப் போர்டு எதற்கு? படம் கேமராவில், ஒலி தனிக் கருவியில். கட்டைகள் மோதும் காட்சியையும் ‘டப்’ என்ற சத்தத்தையும் பொருத்தினால் இரண்டும் சேர்ந்துவிடும். நொடிக்கு 24 படங்கள். ஒலி அளவீடுகளோ நொடிக்கு 48,000. ஆக, ஒரு படத்துக்கு 2,000 அளவீடுகள்!

நம் ஊர்ப் படங்களில் பெரும்பாலும் பிறகு ஸ்டுடியோவில் டப்பிங் பேசுவார்கள். ஆனால் நடிக்கும் நொடியில் குரலில் வரும் நடுக்கத்தையும் மூச்சிரைப்பையும் மறுபடி அப்படியே கொண்டுவருவது கடினம். அதனால்தான் சிலர் நடிக்கும் இடத்திலேயே குரலைப் பதிகிறார்கள். மும்பையின் இரைச்சலான தெருக்களில் எடுத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக, கேரளத்தில் பிறந்த ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டி 2009-இல் வேறு இருவருடன் ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் விருது பெற்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். விசிறியை ஓடவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசிப் பதியுங்கள். பிறகு போனை அறையின் மறுகோடியில் வைத்து அதே சொற்களைப் பேசுங்கள். இரண்டாவதில் விசிறிச் சத்தம் ஓங்கிக் கேட்கும். விசிறியின் வேகம் கூடவில்லை. உங்கள் குரல்தான் மெலிந்துவிட்டது.

நண்பர்களோடு குறும்படம் எடுக்கும்போது ஒரு போனில் படம்பிடியுங்கள். இன்னொரு போனை நடிப்பவருக்கு அருகில், படத்தில் தெரியாமல் மறைத்து வைத்துக் குரலைப் பதியுங்கள். தொடங்கும் முன் கேமரா எதிரே ஒருமுறை கை தட்ட மறக்காதீர்கள்!