வீட்டுக்குள் போனதும் லொகேஷன் தடுமாறுவது ஏன்? அவசரத்துக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சாப்பாடு ஆர்டர் பண்ணிட்டு மேப்பைத் திறந்தால், நீங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்க, நீலப் புள்ளி மட்டும் பக்கத்துத் தெருவில் நிற்கும். டெலிவரி ஊழியர் போன் போட்டு, “சார், எங்க இருக்கீங்க?” என்பார். இதனால் போவது ஐந்து நிமிடமும் சாம்பார் சூடும்தான். ஆனா, அதே புள்ளியை நம்பி நடுராத்திரியில் ஆம்புலன்ஸை வரச் சொன்னால்?

போனில் கோளாறா என்றால், பெரும்பாலும் இல்லை. கூரைதான் பிரச்சினை.

ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் சிக்னலாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. இந்தக் கணக்கில் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், தூரம் 300 மீட்டர் மாறிவிடும்.

கூரைக்குக் கீழே என்ன ஆகிறது?

அவ்வளவு தூரம் பயணித்து வரும் சிக்னல், போனுக்குள் இருக்கும் மின்னணு இரைச்சலைவிடவே பலவீனமானது. கான்கிரீட், கம்பி, தகர ஷீட், உலோகப் பூச்சுள்ள கண்ணாடி எல்லாம் அதை இன்னும் மங்கடித்துவிடும். சில சிக்னல்கள் எதிர்க் கட்டிடத்தில் மோதி, ஜன்னல் வழியாகச் சுற்றி வரும். சுற்றி வந்த தூரத்தையும் போன் நேர்த் தூரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். திறந்த வெளியில் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும் போன், உள்ளே போனதும் தெரு மாறிக் காட்டுவது இதனால்தான்.

வைஃபை எதற்கு?

ஜிபிஎஸ் கைவிட்டால், போன் அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களைத் தேடும். எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அதோடு ஒப்பிட்டு, நீங்கள் இருக்கும் இடத்தை ஊகிக்கும். வீடு மாறும்போது ரவுட்டரையும் எடுத்துப் போனால், பட்டியல் புதுப்பிக்கப்படும்வரை போன் பழைய வீட்டையே காட்டலாம். வைஃபையும் இல்லையென்றால் செல்போன் டவர்தான் கதி. அப்போது பிழை நூற்றுக்கணக்கான மீட்டரையும் தாண்டலாம்.

எத்தனையாவது மாடி?

இதுதான் பெரிய சிக்கல். புள்ளி சரியான கட்டிடத்தில் இருந்தாலும், நீங்கள் தரைத்தளமா, ஏழாவது மாடியா என்பது மேப்பில் தெரியாது. உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ் இயல்பாகவே கொஞ்சம் வீக். அமெரிக்காவில் அவசர அழைப்புகளுக்கு உயரத்தையும் 3 மீட்டர் துல்லியத்தில் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையம் விதியே கொண்டுவந்தது. அதிலும் 80 சதவீத அழைப்புகளுக்குத்தான் இந்த இலக்கு.

நாம் என்ன செய்யலாம்?

* நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டத்தைக் கவனியுங்கள். வட்டம் பெரிதாக இருந்தால், போனுக்கே நிச்சயமில்லை என்று அர்த்தம்.
* எந்த வைஃபையிலும் இணையாவிட்டாலும், வைஃபையை ஆன் செய்து வையுங்கள்.
* மேப், டெலிவரி ஆப்களுக்குத் ‘துல்லியமான இருப்பிடம்’ அனுமதி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். தோராய அனுமதி மட்டும் இருந்தால், வெட்டவெளியில்கூடப் புள்ளி தள்ளியே நிற்கும்.
* லொகேஷன் அனுப்பும்முன் ஜன்னல் அருகிலோ பால்கனியிலோ அரை நிமிடம் நில்லுங்கள். அப்படியும் தவறாகக் காட்டினால், பின்னைக் கையால் நகர்த்தி வையுங்கள்.

108-க்கு அழைக்கும்போது மட்டும் “லொகேஷன் அனுப்பிட்டேன்” என்பதோடு நிறுத்தாதீர்கள். கதவு எண், மாடி, தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ கடையோ, எல்லாவற்றையும் வாயால் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவரைத் தெருமுனையில் நிற்க வையுங்கள். வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ தனியாக இருப்பார்கள் என்றால், முழு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.