காலனான வைத்தியன்

நோயுற்றார்க்கு வைத்தியர் தாயினும் இனியர். பிறர்க்குத் திறவாத வாயிலும் அவர்க்குத் திறக்கும். அவர் கையினின்று பெறும் மருந்தை யாதென்று வினவாமலே உட்கொள்கின்றோம். அந்நம்பிக்கையையே கொலைக்கருவியாகக் கொண்டான் ஒருவன். கற்றோர் மலிந்த இங்கிலாந்து தேசத்தில் அவன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அகப்படாதிருந்தது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயமாம்.

ஹெரால்டு ஷிப்மன் என்னும் அவன் 1946ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் நகரிற் பிறந்தான். 1963இல் அவன் அன்னை புற்றுநோயால் இறந்தாள். அவளது வேதனையைத் தணிக்க வைத்தியர் வீட்டிற்கு வந்து மார்பியா மருந்தை ஊசியாற் செலுத்துவதை அவன் கண்டிருந்தான். பிற்காலக் கொலைகளுக்கு இதுவே வித்தென்பார் சிலர். ஆயினும் அவன் தன் உள்ளத்தை எவர்க்கும் திறந்து காட்டினானல்லன். லீட்ஸ் நகரில் வைத்தியம் பயின்று 1970இல் பட்டம் பெற்றான். பின்னர்த் தன் உபயோகத்திற்கென்று பொய்ச்சீட்டெழுதிப் பெதிடின் என்னும் மருந்தைப் பெற்றமை வெளிப்பட, 1976இல் 600 பவுன் அபராதம் விதிக்கப்பட்டான். எனினும் வைத்தியர் பதிவினின்று அவன் பெயர் நீக்கப்படவில்லை. 1977இல் மான்செஸ்டருக்கு அணித்தான ஹைட் என்னும் ஊரில் அமர்ந்து நற்பெயர் எடுத்தான்.

அவனால் மாண்டோருட் பெரும்பாலார் முதிய பெண்மணிகள். அவர்களைத் தனித்திருக்கும் வேளையிற் கண்டு, டையமார்பின் என்னும் மருந்தை மிகுதியாகச் செலுத்துவான். பின்னர்த் தானே மரணப் பத்திரத்தில் முதுமையென்றோ இருதய நோயென்றோ எழுதிக் கையொப்பமிடுவான். இயற்கை மரணமென்று வைத்தியர் எழுதிய பின் அக்காலத்தில் அடக்கத்திற்குத் தடையிருந்ததில்லை. தகனத்திற்கு மட்டும் இரண்டாம் வைத்தியர் ஒருவரின் கையொப்பம் அந்நாளில் வேண்டியிருந்தது. அதுவோ வெறுஞ் சடங்காய் முடிந்தது. கொன்றவனே சாட்சியுமாய் நின்றான் என்க.

ஐயுற்றோர் இல்லாமலில்லை. தம் வண்டியில் ஏறிவந்த மூதாட்டியர் பலர் மாண்டதை வாடகை மோட்டார் ஓட்டுநர் ஒருவர் குறித்து வைத்தார். தம் சொல்லை யார் நம்புவரென்று நெடுநாள் வாளாவிருந்தார். பிரேத அடக்கம் செய்வோரும் ஐயுற்றனர். 1998 மார்ச்சு மாதத்தில் அண்டை வைத்தியசாலையின் பெண் வைத்தியர் ஒருவர் துணிந்து முறையிட்டார். போலீசாரோ, ஷிப்மன் முன்னர்த் தண்டனை பெற்றவன் என்பதையும் பாராது, ஏப்ரல் மாதத்தில் விசாரணையைக் கைவிட்டனர். அதன்பின் மேலும் மூவர் மாண்டனர்.

ஈற்றில் அவனைப் பிடித்துக் கொடுத்தது அவன் பேராசையே. ஜூன் மாதத்தில் இறந்த 81 வயது மூதாட்டி ஒருவர் தம் சொத்து முழுவதையும் அவனுக்கே எழுதியதாக ஓர் உயில் தோன்றிற்று. அவர் புதல்வியார் வழக்கறிஞர். உயில் பொய்யென்று உணர்ந்து முறையிட்டார். அது ஷிப்மனது தட்டச்சுப் பொறியில் அடிக்கப்பட்டதென்பது தெரிந்தது. பிரேதத்தைத் தோண்டியெடுத்துச் சோதிக்க மருந்து வெளிப்பட்டது. நோய்க்குறிப்புகளை அவன் பின்னர்த் திருத்திய நாளையும் நாழிகையையும் அவனது கணிப்பொறியே காட்டிக்கொடுத்தது.

2000ஆம் ஆண்டு ஜனவரி 31இல் 15 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றான். நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையார் தலைமையில் நடந்த விசாரணை, அவனால் மாண்டோர் 215 பேர் என 2002இல் முடிவு கூறிற்று; மேலும் 45 மரணங்கள் ஐயத்திற்குரியன என்றது. 2004 ஜனவரி 13இல் அவன் சிறையில் தூக்கிட்டு மாண்டான். குற்றத்தை ஒருபோதும் ஒப்பினானல்லன்.

விசாரணைக் காலத்தில் வேண்டப்பட்ட பெருஞ்சீர்திருத்தம், அதாவது மரண காரணத்தை வேறொரு வைத்தியர் தனித்து ஆராய்தல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டம்பரிலேயே சட்டப்படி கட்டாயமாயிற்று.

இவ்வரலாற்றைக் கேட்டு வைத்தியர் எல்லாரையும் ஐயுறுதல் பேதைமை. அவனை முதலில் முறையிட்டவரும் ஒரு வைத்தியரேயன்றோ! ஆயினும் ஒருவர் கையொப்பத்தை மற்றொருவர் ஆராய்தல் அவமதிப்பன்று. நல்லோர்க்கு அது சாட்சி, தீயோர்க்கு அது தடை. நம் மாணவருட் பலர் நாளை வைத்தியராயும் அதிகாரிகளாயும் அமர்வர். தம்முன் நீட்டப்படும் தாளைப் படித்தறிந்தன்றிக் கையொப்பமிடாதிருத்தலும், எளியோர் கூறும் ஐயத்தைச் செவிமடுத்தலும் அவர்தம் கடமையாம். அவ்விரண்டும் ஹைட் நகரில் உரிய காலத்தில் நிகழ்ந்திருப்பின், உயிர் பிழைத்திருப்போர் பலர்.