தீவகச் சாலையும் பிறேக் பேட் தெரிவும்: மடத்துவெளி வீதியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மோட்டார் வாகனத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் ஓட்டத்தையே பெரிதும் பேசுவர். அது நிற்பதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயின் இடர் நேருமிடத்து உயிரைக் காப்பது ஓட்டமன்று, நிற்றலேயாம். 'மேம்பட்ட' பிறேக் பேட்கள் எனும் பெயரில் பலவகைப் பொருள்கள் இன்று எமது கடைகளில் விற்கப்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து ஊர் வரும் உறவினர் தம் பெட்டிகளில் அவற்றைக் கொண்டுவருதலும் உண்டு. விலை கூடியதே சிறந்தது, பந்தய வாகனத்துக்கு உகந்தது எமது வாகனத்துக்கு அதனினும் உகந்தது என்ற எண்ணம் பலரிடம் காணப்படுகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை, நாம் நன்கறிந்த வீதியொன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீதியின் இயல்பு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்பட்டு, அல்லைப்பிட்டி, வேலணை ஆகிய ஊர்களைக் கடந்து, வாணர் தாம்போதியால் கடலை ஊடறுத்துச் செல்லும் வீதி புங்குடுதீவில் கரையேறும் இடமே மடத்துவெளி. அங்கிருந்து அது குறிகட்டுவான் இறங்குதுறை வரை செல்கின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கேயே படகேறுவர். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்திலே பிற மாவட்டங்களின் வாகனங்களும் இவ்வீதியில் நிறைந்துவிடும்.

பிறேக்கின் நோக்கிலே இவ்வீதிக்கு மூன்று இயல்புகள் உள. முதலாவது, இது சமதரை. ஏற்றமும் இறக்கமும் இல்லை. இரண்டாவது, நெடுந்தூரம் பிறேக்கைத் தொடாது ஓடக்கூடிய நேர்வீதி. ஆயின் தொடவேண்டி வரும்போது அது திடீரென வரும். வெளியில் மேயும் மாடும் ஆடும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளின் சைக்கிளும் முன்னறிவித்தலின்றியே குறுக்கிடும். மூன்றாவது, இருமருங்கும் கடல். சோளகமாயினும் வாடையாயினும் வீசும் காற்று உப்பையும் நுண்மணலையும் சுமந்தே வருகின்றது. இம்மூன்றையும் மனத்திற் கொண்டே பேட்டைத் தெரிதல் வேண்டும்.

நிற்கும்போது பிறக்கும் வெப்பம்

ஓடும் வாகனத்தின் இயக்கசத்தியை வெப்பமாக மாற்றிக் காற்றிலே கலந்துவிடுவதே பிறேக்கின் தொழில். சில்லோடு சுழலும் டிஸ்கை இருபுறத்திலிருந்தும் நெரித்து உராய்பவையே பேட்கள். இங்கு எவ்வளவு வெப்பம் பிறக்கின்றது என்பதைக் கணித்துப் பார்ப்போம்.

ஆட்களோடு 1,200 கிலோகிராம் திணிவுள்ள சிறிய கார் ஒன்று மணிக்கு 50 கிலோமீற்றர் கதியில் வருகின்றது எனக் கொள்வோம். அதன் இயக்கசத்தி ஏறக்குறைய 1,16,000 யூல். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் இதில் 70 சதவீதமளவு முன்சில்லுகளுக்கு உரியதாகும் எனலாம். அதாவது ஒரு முன்டிஸ்குக்கு 40,500 யூல். டிஸ்கின் திணிவு 5 கிலோகிராம் எனவும் வார்ப்பிரும்பின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 460 யூல் எனவும் கொண்டால், ஒருமுறை முற்றாக நிறுத்துவதால் டிஸ்கின் வெப்பநிலை உயர்வது ஏறக்குறைய 18 பாகை செல்சியசு மாத்திரமே. குடிமனைகளுக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் கதியிலிருந்து நிறுத்தினாலும் உயர்வு 35 பாகையளவே. வெளிவெப்பநிலை 30 பாகையாயின், டிஸ்க் 65 பாகையை அடைந்து, அடுத்த நிறுத்தத்துக்கு முன்னரே ஆறிவிடும்.

இதனை மலைநாட்டோடு ஒப்பிடுவோம். அதே கார் நுவரெலியாப் பக்கமிருந்து 1,000 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுவிக்கப்படும் சத்தி 1,17,60,000 யூல். 50 கிலோமீற்றர் கதியிலிருந்து நூறுமுறை நிறுத்துவதற்கு ஒப்பானது. எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தாங்கினும், எஞ்சியது டிஸ்கை மிகச் சூடாக்க வல்லது. உயர்வெப்பத்திலும் உராய்வு குன்றாத பேட் அங்கு பொருளுடையது. மடத்துவெளியிலோ அவ்வெப்பம் பிறப்பதேயில்லை.

பேட்களின் வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றைப் பொதுவாக நான்காக வகுக்கலாம். முதலாவது, நார்களையும் பிசினையும் நிரப்பிகளையும் கொண்ட உலோகமற்ற கரிமக் கலவை. யப்பானிய வாகனங்கள் பலவற்றில் இதுவே தொடக்கத்திலிருந்து பொருத்தப்படுகின்றது. இது ஓசையின்றி, குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும். டிஸ்கையும் அதிகம் தேய்க்காது. இரண்டாவது, உருக்கு நார் மிகுந்த அரை உலோக வகை. வெப்பத்தைத் தாங்குமாயினும் ஓசையும் தூசியும் கூடும். டிஸ்கும் விரைவிலே தேயும். மூன்றாவது, செரமிக் வகை. தூசி குறைவு, ஓசை குறைவு, நீடித்த உழைப்பு ஆகியன இதன் சிறப்புகள். நான்காவது, பந்தயத்துக்கென ஆக்கப்பட்டது. வெப்பம் ஏறிய பின்னரே தன் முழு உராய்வைக் காட்டுவது இதன் இயல்பு.

இந்நான்காம் வகையிலேதான் ஏமாற்றம் மறைந்திருக்கின்றது. சூட்டிலே 0.40 ஆக இருக்கும் உராய்வுக் குணகம் குளிரிலே 0.28 ஆக இருக்குமாயின், அதே நிறுத்தத்துக்குப் பேட்டை 43 சதவீதம் கூடிய விசையோடு அழுத்தவேண்டும். பந்தயத்தோட்டத்திலே முதற்சுற்றில் பேட்டைச் சூடாக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. வாணர் தாம்போதியைப் பிறேக் தொடாது கடந்து மடத்துவெளியிற் கரையேறுபவருக்குக் குறுக்கே வரும் மாடு அந்த வாய்ப்பைத் தருவதில்லை. அவருக்கு முதலாவது அழுத்தமே கடைசி அழுத்தமாகவும் இருக்கக்கூடும்.

மற்றொன்றையும் இங்கு கூறல் வேண்டும். சில்லுகள் பூட்டிக்கொள்ளுமளவுக்கு அல்லது ஏ.பி.எஸ். இயங்குமளவுக்கு இருக்கும் பேட்டே அழுத்த வல்லதாயின், அதற்குமேல் நிறுத்தத் தூரத்தைத் தீர்மானிப்பது பேட்டன்று, டயரும் தரையுமே. உராய்வுக் குணகம் 0.8 ஆகவுள்ள காய்ந்த வீதியில் 50 கிலோமீற்றர் கதியிலிருந்து நிற்க 12 மீற்றரளவு தேவை. மணல் படிந்து அது 0.4 ஆகக் குறைந்தால் 25 மீற்றராகும். சாரதி உணர்ந்து காலை வைப்பதற்கு ஒரு செக்கன் எடுத்தால், அதற்குள்ளே மேலும் 14 மீற்றர் கடந்துவிடும். விலையுயர்ந்த பேட்டை இட்டு, தேய்ந்த டயரோடு விரைந்து செல்பவர் தம் பணத்தைப் பிழையான இடத்திலே செலவிட்டவராவர்.

எழுத்துக் குறிகள் கூறுவதும் கூறாததும்

பேட்டின் விளிம்பிலே 'எஃப் எஃப்', 'ஜி எஃப்' போன்ற இரு எழுத்துகளைக் காணலாம். இவை அமெரிக்க வாகனப் பொறியியலாளர் கழகத்தின் ஜே866 எனும் முறைப்படி வழங்கப்படுவன. முதலெழுத்து இயல்பான உராய்வையும் இரண்டாவது வெப்பமேறிய நிலையின் உராய்வையும் குறிக்கும். 'ஈ' 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை என்பது பொருள். 'ஜி' கண்டவுடன் மகிழ்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இயல்பு உராய்வு என்பதே 93 முதல் 204 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலைகளில் அளக்கப்படுவது. நாம் மேலே கண்ட 65 பாகை அவ்வளவையின் தொடக்கத்தையும் எட்டவில்லை. ஆகவே எமது வீதியிற் பேட் எவ்வாறு பிடிக்கும் என்பதை இவ்வெழுத்துகள் நேராகக் கூறா. அவை தரத்தின் சான்றிதழுமல்ல. உராய்வின் வகுப்பு மாத்திரமே.

இதனினும் பயனுள்ளது, ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 90ஆம் ஒழுங்குவிதிக் குறியாகும். 1992இல் நடைமுறைக்கு வந்த இவ்விதி, மாற்றீடாக விற்கப்படும் பேட்டின் செயற்பாடு அவ்வாகனத்தின் மூலப் பேட்டினின்றும் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபடலாகாது என்கின்றது. மிகக் குறைந்த பிடிப்பு மட்டுமன்றி மிகக் கூடிய பிடிப்பும் குறையே என்பது இதன் உட்கருத்து. முன்பின் சில்லுகளின் சமநிலையை வாகனத்தை ஆக்கியோர் கணித்தே வைத்துள்ளனர். அதனைக் குலைத்தல் மேம்பாடாகாது.

உப்பெனும் பகை

எமது தீவகத்தில் பேட்டை அழிப்பது வெப்பமன்று, துருவே. உருக்கு நார் மிகுந்த பேட் உப்புக்காற்றிலே சில நாள் நின்றால் நார்கள் துருப்பிடிக்கும். டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளுதலும் உண்டு. இதனினும் கேடானது, உராய்வுப் பகுதிக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையே ஊறும் துரு. அது பருத்து உராய்வுப் பகுதியைத் தள்ளிப் பிரித்துவிடும். தேயாத பேட்டே கழன்று விழக்கூடிய நிலை இது. எனவே நாகமுலாம் பூசிய பின்தகடுள்ள பேட்டை, அதிலும் உராய்வுப் பகுதியைக் கொளுவிப் பிடிக்கும் பற்கள் உள்ள தகட்டை, எமது சூழலிற் பெறத்தக்க உண்மையான மேம்பாடு எனலாம்.

கலப்பின வாகனங்களை உடையோர் இதில் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவற்றிலே மெதுவாக நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை மின்மோட்டாரே செய்துவிடுவதால் பேட் டிஸ்கைத் தொடுவதே அரிது. டிஸ்கின் துரு உரசி நீங்க வழியில்லை. வெறுவீதியில், பின்னால் எவருமில்லாத வேளையில், வாரமொருமுறையேனும் சற்று அழுத்திப் பிறேக் பிடித்தல் நன்று.

கலிப்பர் வழுக்கும் ஊசிகள் உப்பால் இறுகினால் இரு பேட்களில் ஒன்று மட்டும் தேயும். வாகனம் ஒருபக்கம் இழுக்கும். அவற்றைக் கழற்றித் துடைத்து, பிறேக்குக்கென உள்ள கிறீசையே இடல் வேண்டும். சாதாரண கிறீஸ் இறப்பரை ஊதச் செய்யும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 வகை புதிதாயிருக்கையில் 205 பாகைக்குக் குறையாது கொதிக்கும். ஈரமேறியபின் அதற்குரிய கீழெல்லை 140 பாகையே. எமது சமதரையில் அது கொதிக்காதெனினும், அவ்வீரம் உள்ளிருந்து குழாய்களையும் கலிப்பரையும் அரிக்கும். ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் தகும்.

தூசியின் தீங்கு

1897இல் இங்கிலாந்திலே ஹேர்பேட் ஃபுறூட் பிறேக்கின் உராய்வுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். பின்னர் கல்நார் அத்தொழிலிற் புகுந்து நெடுங்காலம் நிலைத்தது. யாழ்ப்பாணத்து வீதிகளில் போர்க்காலத் தடைகளின்போதும் மண்ணெண்ணெயில் ஓடி உழைத்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகியவற்றின் டிறம் பிறேக்குகளிலும் கல்நார் லைனிங்கே வழங்கியது. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பன என்பது இன்று ஐயத்துக்கிடமற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதலும் யப்பான் 2006 முதலும் கனடா 2018 முதலும் அதனைத் தடைசெய்தன. ஆயினும் பழைய இருப்புகளிலும் பெயரற்ற மலிவுப் பொருள்களிலும் அது இல்லையென உறுதிகூற இயலாது. பெட்டியில் 'கல்நார் அற்றது' என்ற குறிப்பைத் தேடுதல் வேண்டும். கராஜிலே டிறத்தைத் திறந்து காற்றுக்குழாயால் ஊதும் வழக்கத்தைக் கைவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். அங்கு தொழில் பழகும் இளைஞனின் சுவாசப்பையும் எமது பொறுப்பே.

தெரிவும் பொருத்தலும்

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? நாளாந்தம் தீவக வீதியில் ஓடும் காருக்கு, நன்கறியப்பட்ட நிறுவனத்தின் கரிமக் கலவையோ செரமிக் வகையோ போதியது. முதல் அழுத்தத்திலேயே பிடித்தல், முலாமிட்ட பின்தகடு, 90ஆம் விதிக்குறி, கல்நாரின்மை ஆகிய நான்கையும் விலைக்கு முன் நோக்குக. மலைநாட்டுக்கு அடிக்கடி பாரத்தோடு செல்லும் வான்களுக்கு வெப்பம் தாங்கும் வகை வேண்டப்படும். அவ்வாறாயின் துருவைக் கவனிக்கும் பொறுப்பும் கூடும். பந்தய வகை இருதிறத்தாருக்கும் வேண்டா.

ஓர் அச்சின் இரு சில்லுகளுக்கும் ஒருங்கே மாற்றல் வேண்டும். டிஸ்கிலே பொறிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிப்பை அளந்து பார்த்தல் வேண்டும். புதிய பேட் டிஸ்கோடு படியும்வரை முதல் நாட்களில் 50 கிலோமீற்றர் கதியிலிருந்து 10 வரை மென்மையாகப் பத்துமுறை குறைத்து, இடையிடையே ஆறவிடுக. உராய்வுப் பகுதி 3 மில்லிமீற்றரை அடைந்ததும் மாற்றுக.

2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் எமது வீதிகளில் ஓடுவன பெரும்பாலும் பழையனவே. அவற்றின் பிறேக்குகள் கவனிப்பை வேண்டி நிற்கின்றன. தாம்போதி முடிந்து மடத்துவெளியிலே கரையேறும்போது, எதிரே சைக்கிளில் ஒரு பிள்ளை வரக்கூடும். அப்பிள்ளைக்கு எமது பேட் எந்தப் பந்தயத்தை வென்றது என்பது பொருளன்று. குளிர்ந்து கிடந்த அது அக்கணத்திலே பிடித்ததா என்பதே பொருள்.