சேர்வர் நின்றால் நமது கோப்புகள் என்னவாகும்?

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த மழையை அங்குள்ள நம் உறவுகள் மறந்திருக்க மாட்டார்கள். 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் அந்நாடு கண்ட மிகப் பெரிய மழை அது. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீற்றர் கொட்டியது. டுபாயிலும் சார்ஜாவிலும் வெள்ளம் புகுந்த கட்டடங்கள் சிலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இப்படியான வேளைகளில் அலுவலகங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: “சேர்வர் நின்றுவிட்டது. எழுதிய கணக்கெல்லாம் போய்விடுமா?”

பல அலுவலகங்களில் கோப்புகள் நம் மேசைக் கணினியில் இருப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு சேர்வரில் இருக்கின்றன. லினக்ஸ், யுனிக்ஸ் கணினிகள் அவற்றை எடுக்கப் பயன்படுத்தும் முறை என்.எப்.எஸ். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கியது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பதைச் சேர்வர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்று அவர்கள் அன்று முடிவு செய்தார்கள். எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து, எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் நமது கணினியே முழுமையாகச் சொல்லும். கடையில் ஆள் மாறினாலும் சாமான் சீட்டை நீட்டினால் போதும் என்பதுபோல.

ஆகவே சேர்வர் விழுந்தால் நமது கணினி அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதுவரை திரை உறைந்து நிற்கும். பலரும் இங்கேதான் பிழை விடுகிறோம். கணினி பழுதென்று நினைத்து அணைத்துவிடுகிறோம்.

ஏன் அணைக்கக் கூடாது? 1995இல் வந்த மூன்றாம் பதிப்பில், எழுதியதைச் சேர்வர் முதலில் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வட்டில் பதிந்தாயிற்று என்று அது உறுதி சொல்லும்வரை நமது கணினி தன் பிரதியை அழிக்காது. சேர்வர் தன் பதிலுடன் ஓர் அடையாள எண்ணையும் அனுப்பும். மறுதொடக்கத்தின்பின் அந்த எண் மாறியிருந்தால், உறுதியாகாத பகுதியை நமது கணினி மீண்டும் அனுப்பிவிடும். அதாவது, அந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி நமது கணினியில்தான் இருக்கலாம். அதை அணைத்தால் அதுவும் போய்விடும். மின்சாரம் போய் இரண்டும் ஒன்றாக அணைந்தாலும் இதே கதிதான். சேமித்து மூடிய கோப்பு பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

ஒரே கணக்கை இருவர் மாற்றாமல் இருக்கப் போடும் பூட்டு வேறு விடயம். அதைச் சேர்வர் நினைவில் வைத்தே ஆகவேண்டும். நான்காம் பதிப்பில், மீண்டு வந்த சேர்வர் ஒரு சலுகை நேரம் கொடுக்கும். லினக்ஸில் அது வழமையாக 90 விநாடி. முன்பு பூட்டு வைத்திருந்தவர்கள் அதற்குள் திரும்பக் கேட்டுப் பெறலாம். புதியவர்கள் காத்திருக்க வேண்டும். சேர்வர் வந்தும் ஒன்றும் அசையவில்லையே என்று பதறத் தேவையில்லை.

உங்கள் அலுவலகத்துச் சேர்வரைப் பராமரிப்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சில முயற்சிகளின்பின் கைவிட்டுவிடும் ‘சொவ்ற்’ முறையில் கோப்புகள் இணைக்கப்பட்டுள்ளனவா? அப்படியானால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடக்கூடும். வேகத்துக்காகச் சேர்வரில் ‘ஏசிங்க்’ அமைப்பு போடப்பட்டுள்ளதா? அப்படியானால் அது பதியாமலே பதிந்ததாகச் சொல்லும். நமது கணினியும் நம்பித் தன் பிரதியை விட்டுவிடும்.

வட்டே வெள்ளத்தில் மூழ்கினால் இவை எதுவும் உதவாது. காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் நாம். எஞ்சியவற்றை ஸ்கான் செய்து வீட்டிலுள்ள ஒரே பெட்டியில் வைத்திருந்தால், இன்றே இன்னொரு பிரதி எடுத்து வேறு நாட்டிலுள்ள உறவிடம் கொடுத்து வையுங்கள்.