மர வாத்துச் செதுக்கும் கைத்தொழில்

வேட்டையில் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் ஈர்க்கும்பொருட்டுப் பழக்கி வைக்கும் உயிரைப் ‘பார்வை’ என்று நம் முன்னோர் வழங்கினர். அமெரிக்க நாட்டில் மரத்தாலேயே இத்தகைய பார்வை வாத்துக்களைச் செய்தனர். நீர்மேல் மிதக்கும் மர வாத்தைத் தன் இனமென்று நம்பி, வானிற் பறக்கும் வாத்து கீழிறங்கும். இதுவே அத்தொழிலின் அடிப்படை.

இவ்வழக்கம் தொன்மையானது. நெவாடா மாகாணத்தின் லவ்லாக் குகையில், பழங்குடி மக்கள் கோரையால் முடைந்த பார்வை வாத்துக்கள் 1924ஆம் ஆண்டில் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழமையானவை. பிற்காலத்தில் குடியேறிய ஐரோப்பியர் மரத்தில் செதுக்கலாயினர். மேரிலாந்து மாகாணத்தில், செசபீக் விரிகுடாவின் தலைப்பில் உள்ள ஹேவர் டி கிரேஸ் என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

செய்முறையைக் காண்போம். எடை குறைந்த தேவதாரு அல்லது பைன் கட்டையைக் கைக்கோடரியால் உருட்டி உடலாக்குவர். தலையைத் தனியே கத்தியாற் செதுக்கிப் பொருத்துவர். அடிப்புறத்தில் ஈயக்கட்டி தைப்பர். அலை புரட்டினாலும் வாத்து தானே நிமிர்ந்துகொள்ளும். கயிறும் சிறு நங்கூரமும் அதை ஓரிடத்தில் நிறுத்தும். பளபளப்பு பறவையை மிரட்டுமாதலால் மங்கிய வர்ணமே பூசுவர்.

முற்காலத்தில் வாத்துக்களைச் சுட்டு நகரச் சந்தைக்கு அனுப்புவது பலருக்குப் பிழைப்பாயிருந்தது. அதற்கு நூற்றுக்கணக்கான மர வாத்துக்களை நீரில் மிதக்கவிட்டனர். பறவையினம் அருகியதால், 1918ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விற்பனையைத் தடுத்தது. பொழுதுபோக்கு வேட்டைக்காரரின் தேவை மட்டும் எஞ்சியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் யந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக் வாத்துக்கள் மலிவாக வந்து அதையும் கைப்பற்றின.

ஆயினும் தொழில் மடியவில்லை. ஹேவர் டி கிரேஸில் மாடிசன் மிட்செல் (1901–1993) என்பவர் உடலைக் கடைசல் யந்திரத்தில் உருவாக்கி, நுண்வேலையைக் கையாற் செய்தார். தம் பட்டறையில் இளைஞர் பலரைப் பழக்கினார். கிரிஸ்ஃபீல்டு ஊரில் நாவிதத் தொழில் செய்த வார்டு சகோதரர்கள், வேட்டைக் கருவியாயிருந்ததைக் கலைப்பொருளாக உயர்த்தினர். ஹேவர் டி கிரேஸில் 1986ஆம் ஆண்டில் இதற்கெனக் காட்சிச்சாலையும் திறக்கப்பெற்றது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். மாசசூசெட்ஸ் மாகாணத்து எல்மர் குரோவெல் 1952ஆம் ஆண்டில் காலமானார். அவர் செதுக்கிய பறவைகள் இரண்டு, 2007ஆம் ஆண்டில் தனித்தனியே பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. அப்பணத்தில் ஒரு காசும் செதுக்கிய கையைச் சேரவில்லை. கலை பிழைத்தது, அதன் முழு மதிப்போ கலைஞன் மறைந்தபின் பிறருக்குக் கிட்டியது.

அங்கத்தினர்களே! யந்திரத்தின் போட்டியை நம் தறியும் அறியும். பழைய பயன் போனால் புதிய பயனைத் தேடலாம்; யந்திரத்தைத் துணையாகக் கொள்ளலாம்; ஆனால் இளைஞருக்குக் கற்பியாத தொழிலை எந்தக் காட்சிச்சாலையும் உயிர்ப்பிக்க இயலாது. கற்றவனுக்கு அவன் வாழ்நாளிலேயே உரிய விலை கிடைத்தால்தான் அடுத்தவன் கற்க முன்வருவான். அவ்விலையைப் பெற்றுத் தருவதே கூட்டுறவின் கடமை.