தம்பியோ தங்கையோ டெல்லியில் படிக்கிறார்களா? முதல் செமஸ்டரில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அக்கா, என்னால முடியல. ஊருக்கே வந்துடவா?"

தம்பியோ தங்கையோ டெல்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால், முதல் சில வாரங்களில் இப்படி ஒரு போன் வரலாம். வீட்டில் முதலில் காலேஜ் முடித்து வேலைக்குப் போனவர் நீங்கள் என்றால், அந்த போன் அம்மா அப்பாவுக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும். "உடனே கிளம்பி வா" என்றோ, "அதெல்லாம் பழகிடும், படி" என்றோ சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அவர்களுக்கு என்ன நடக்கிறது?

புது இடத்துக்குப் போகிறவர்கள் படும் பாட்டை மானுடவியலாளர் கலெர்வோ ஒபெர்க், 1960-இல் வெளியான கட்டுரையில் நான்கு கட்டங்களாகப் பிரித்தார். முதலில் எல்லாமே புதுசு, ஜாலி. அடுத்து எரிச்சல், ஏக்கம். பிறகு மெல்லப் பிடிபடும். கடைசியில் பழகிப்போகும். எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்றில்லை. ஆனால் உங்களுக்கு வரும் அந்த போன், இரண்டாவது கட்டத்தின் குரலாக இருக்கலாம்.

டெல்லியில் ஏன் கூடுதல் கஷ்டம்?

முதல் காரணம் மொழி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்காக 2022-இல் வந்த க்யூட் நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். ஆனால் உள்ளே போனால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கேன்டீனும் ஆட்டோவும் இந்தியில். பிளஸ் டூ-வில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும். "எனக்கு அறிவு பத்தல போல" என்று நினைத்துக்கொள்ளும். பல நேரம் அது மொழிப் பிரச்சினைதான், அறிவுப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது காரணம் தூரம். ஹாஸ்டல் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பலர் கமலா நகர், விஜய் நகர் பக்கம் பிஜி-யில் தங்குகிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வரவே ஒன்றரை நாள் ஓடிவிடும். சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்து போக முடியாது. டிசம்பரில் குளிரும் சேர்ந்துகொள்ளும்.

போனில் என்ன கேட்கலாம்?

"சாப்டியா?" என்றால் "ம்" என்று முடிந்துவிடும். பதிலாக, "நேத்து யார்கூட சாப்ட?", "எந்த கிளாஸ் புரியல?", "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?" என்று கேளுங்கள். தினமும் தனியாகச் சாப்பிடுகிறார் என்றால் கல்லூரியில் ஏதாவது ஒரு சொசைட்டியில் சேரச் சொல்லலாம். ஒரு பாடம் மட்டும் புரியவில்லை என்றால், அந்த ஆசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசுவதே முதல் வேலை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

தூக்கமும் சாப்பாடும் குறைந்து, வகுப்புக்கும் போகாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டதா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ராகிங் என்றால் தேசிய உதவி எண் 1800-180-5522. வாட்ஸ்அப் குரூப்பில் சீனியர்கள் மிரட்டுவதும் ராகிங்தான். உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் நண்பரையோ வார்டனையோ உடனே அனுப்புங்கள், நீங்களும் கிளம்புங்கள்.

திரும்பி வந்தால் நஷ்டமா?

வருவது தோல்வி இல்லை. ஆனால் முடிவை அந்த போனிலேயே எடுக்காதீர்கள். யுஜிசி விதிப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதியிலிருந்து நாள் தள்ளிப்போகப் போக, திரும்பக் கிடைக்கும் கட்டணம் குறையும். அந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு செமஸ்டரையும் உரிய கிரெடிட்டோடு முடித்துவிட்டு விலகினால், டெல்லி பல்கலைக்கழகத்தில் ஓராண்டுச் சான்றிதழ் உண்டு. உடம்புக்கும் மனசுக்கும் ஆபத்து இல்லை என்றால், "இந்த செமஸ்டர் பரீட்சை முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்று ஒரு தேதி குறியுங்கள்.

அந்த போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொல்லுங்கள். முதன்முதலில் ஊரை விட்டு வந்தபோது நீங்கள் பாத்ரூமில் நின்று அழுதிருந்தால், அதை. உங்களுக்கு எல்லாமே சுலபமாக நடந்தது என்றுதான் தம்பி இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.