யார் சொல்லி விளையாடுகிறோம்?
சுயாதீன வீடியோ கேம்களும் பரிந்துரையின் அரசியலும்

1

வீடியோ கேம் என்றதும் சிறுபத்திரிகை நண்பர்கள் பலருக்கு முகம் சுளிக்கிறது. பையன்கள் சமாச்சாரம், முதலாளித்துவக் குப்பை, மூளைச்சலவை என்று ஒரே மூச்சில் மூன்று தீர்ப்பு வந்து விழும். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே தீர்ப்புகள்தான். அப்புறம் பிலிம் சொசைட்டிகள் வந்தன, ஐசன்ஸ்டைனும் கட்டக்கும் வந்தார்கள், சினிமாவைப் பிரதியாக வாசிக்கப் பழகினோம். கேம் விஷயத்தில் அந்தப் பழக்கம் தமிழில் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

போதாக்குறைக்கு நம் தினசரிகள் ‘ஆன்லைன் கேம்’ என்ற சொல்லையே ரம்மிக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. கடன், தற்கொலை, தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுத் தடைச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம் என்று செய்திகள் வந்தபடி இருந்தன. காசு வைத்து ஆடும் சூதும், ஒரு படைப்பாளி வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த பிரதியும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப் போயின. முதல் வேலை, இந்த இரண்டையும் பிரித்துக்கொள்வது.

இண்டி கேம் என்று உலகெங்கும் சொல்லப்படுவதைச் சுயாதீன கேம் என்று இங்கே எழுதுகிறேன். பெரிய நிறுவனத்தின் கேம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள், பெரிய சினிமாவுக்கு ஆகும் முதலீடு, அதை மீட்டெடுக்க அதே அளவு விளம்பரம். சுயாதீன கேமை ஒருவரோ நாலைந்து பேரோ செய்கிறார்கள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்ற தீர்மானம் அவர்கள் கையில் இருக்கிறது. ஆக இது அழகியலுக்கு முன்பாக உற்பத்தி உறவு பற்றிய பெயர்.

ஒரு உதாரணம். லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாகச் செய்து 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. ஆடுபவர் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடிக் குமாஸ்தா. வரிசையில் நிற்பவர்களின் ஆவணங்களைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைப் பார்த்து முடிக்கிறோமோ அதற்கேற்ற கூலி. தப்பு செய்தால் எச்சரிக்கை, அப்புறம் அபராதம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசு வேண்டும். எதிரே நிற்கும் பெண்ணிடம் ஒரு காகிதம் குறைகிறது. என்ன செய்வீர்கள்? அதிகாரம் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, நம் வழியாகவும் ஓடுகிறது என்று ஃபூக்கோவைப் படித்து வருஷக்கணக்காக விவாதித்திருக்கிறோம். இங்கே அதை நம் விரலே செய்கிறது. நாவலாலும் சினிமாவாலும் செய்ய முடியாத காரியம் இது. வாசகர் இங்கே உடந்தை.

2

சரி, இப்படிப்பட்டவை எங்கே கிடைக்கின்றன? எப்படிக் கண்டுபிடிப்பது?

கணினி கேம்களுக்கான பெருஞ்சந்தை ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்துக்குச் சொந்தம். விற்பனையில் பொதுவாக 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 2017இலிருந்து ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம். ஜனநாயகம்தானே, என்ன குறை என்று தோன்றும். 2024இல் மட்டும் அங்கே 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வந்து குவிந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 50. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போனவரைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தக் குவியலில் எது முகப்பில் தெரிய வேண்டும் என்பதை ஒரு கணக்கீடு தீர்மானிக்கிறது. எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தார்கள், எவ்வளவு விற்றது, நீங்கள் இதற்கு முன் என்ன ஆடினீர்கள் என்பவை அதற்குத் தீனி. காசு கொடுத்து வாங்கியவர்களில் பத்துப் பேராவது கருத்து எழுதினால்தான் அந்தக் கேமின் மதிப்பீடே கண்ணில் படும். விற்றது மேலும் விற்கும், விற்காதது மறையும். ‘உங்களுக்காகப் பரிந்துரைக்கிறோம்’ என்று அந்த இயந்திரம் சொல்லும்போது நேற்றைய உங்களைத்தான் திரும்ப உங்களிடம் விற்கிறது. புதிதாக ஒன்றை ரசிக்கக் கற்றுக்கொள்ளும் தன்னிலைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இன்னொரு இடம் இட்ச். 2013இல் தொடங்கியது. தளத்துக்கு எவ்வளவு பங்கு தருவது என்பதைப் படைப்பாளியே முடிவு செய்யலாம், ஒன்றும் தர வேண்டாம் என்றும் வைக்கலாம். இலவசமாகவோ, ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்றோ ஏராளமான கேம்கள் அங்கே கிடக்கின்றன. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, இன நீதிக்காக அங்கே ஒரு தொகுப்பு விற்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள், குறைந்தபட்ச விலை 5 டாலர். 80 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. நம் ஊர் சிறு வெளியீட்டு இயக்கங்கள் துண்டறிக்கையும் உண்டியலுமாகச் செய்துவந்த காரியத்தின் இன்னொரு வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

3

கேம் கைமாற்றாகப் பரவுவது இன்று நேற்று நடந்ததல்ல. பிள்ளைகள் விடுமுறையில் ஆடும் ‘பிசினஸ்’ அட்டை நமக்கெல்லாம் தெரியும். ஊரை வாங்கு, வீட்டைக் கட்டு, வாடகை வசூலி, அடுத்தவரை ஓட்டாண்டியாக்கு. இதன் மூலம் மோனோபலி, அதன் மூலம் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலப்பிரபுவின் ஆட்டம்’. மேகி, நிலவாடகைச் சுரண்டலை எதிர்த்த ஹென்றி ஜார்ஜின் கருத்துகளை ஏற்றவர். வாடகை எப்படி எல்லாரையும் ஏழையாக்கி ஒருவரைக் கொழுக்க வைக்கிறது என்று காட்டுவதற்காகவே அந்த ஆட்டத்தைச் செய்தார். அதற்கு இரண்டு வகை விதிகளும் வைத்திருந்தார். ஒன்றில் ஏகபோகம் வெல்லும், இன்னொன்றில் செல்வம் எல்லாருக்கும் பங்காகும்.

முப்பது வருஷம் அது கைமாற்றாகவே பரவியது. கல்லூரி ஆசிரியர்கள், இடதுசாரிகள், க்வேக்கர் குடும்பங்கள் தங்கள் கையாலேயே பலகை வரைந்து, தங்கள் ஊர்த் தெருப் பெயரை எழுதி ஆடினார்கள். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை மோனோபலி ஆக்கியது. மேகியின் காப்புரிமைக்குக் கொடுத்தது 500 டாலர். இரண்டாவது விதி காணாமல் போனது. ஏகபோகத்தை விமர்சித்த பிரதி ஏகபோகத்துக்குப் பயிற்சியாக மாறிற்று. பலகை அதே பலகைதான். கூடவே பேசி அறிமுகம் செய்த ஆட்கள் போய்விட்டார்கள், பெட்டி மட்டும் கடைக்கு வந்தது. பரிந்துரை என்பது பெயர் சொல்வது மட்டுமல்ல, எந்த விதியோடு ஆட வேண்டும் என்று சொல்வதும்தான்.

4

சென்னையில் இது நமக்குப் பழகிய சங்கதி. ‘எழுத்து’ நடத்திய சி.சு.செல்லப்பா புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்த கதை எல்லாருக்கும் தெரியும். மயிலாப்பூர் லஸ் பக்கம் ஆழ்வார் பல பத்தாண்டுகள் நடைபாதையில் நடத்திய பழைய புத்தகக் கடை, சிறுபத்திரிகைகளை வைத்து விற்ற தி.நகர் வடக்கு உஸ்மான் சாலை நியூ புக்லேண்ட்ஸ், இவையெல்லாம் வெறும் கடைகளா? ஒரு பெயரைத் தேடிப் போனவர் இன்னொரு பெயரோடு திரும்பி வந்த இடங்கள். ‘இதைப் படிச்சீங்களா?’ என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பதுதான் அங்கே விமர்சனத்தின் முதல் வரி.

கேம் இதே நகரத்துக்கு வேறு வழியாக வந்தது. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் நகலெடுத்த சிடியாக. ‘நல்லா ஓடுது சார்’ என்பதற்கு மேல் அங்கே பேச்சில்லை. ஸ்டீமின் கணக்கீடும் சாராம்சத்தில் இதையேதான் சொல்கிறது, கொஞ்சம் நாசூக்காக. இந்த இரண்டு பாதைகளும் சந்தித்ததில்லை என்பதுதான் நம் பிரச்சினை. லஸ்ஸில் கேட்ட அந்தக் கேள்வி கேமைப் பற்றிக் கேட்கப்படவில்லை. கேட்டால் எப்படி இருக்கும்? மூன்று கேம்களை வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, ‘வெண்பா’. கனடாவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து டொராண்டோ போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். கதை 1988இல் தொடங்குகிறது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டுக் குழாயில் மாவும் தேங்காயும் அடுக்க வேண்டும், பிரியாணி போட வேண்டும். அழிந்த பிரதியை மீட்டு வாசிப்பதே இங்கே ஆட்டம். 2024இல் இதற்குச் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் கிடைத்தன. தமிழ்ச் சமையலறை பற்றிய கேம் பெரும்பாலும் ஆங்கில மதிப்புரைகள் வழியாகத்தான் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தது என்பது கவனிக்க வேண்டியது. ‘நம்ம தமிழ் கேம் உலக லெவல்ல ஜெயிச்சிருச்சு’ என்று கைதட்டுவது பரிந்துரை ஆகாது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ படித்தவர்கள் கேட்கும் கேள்வியைக் கேட்க வேண்டும். சமையல் இங்கே நினைவா, அன்பா, பெண்ணின் தலையில் விழுந்த உழைப்பா? பிள்ளைக்கு மொழி கைநழுவும்போது அதை மீட்கும் பொறுப்பு ஏன் அடுப்பங்கரைக்கு வருகிறது? கேம் இந்தக் கேள்விகளைத் தாங்கும். அதனால்தான் சொல்கிறேன், ஆடிப் பாருங்கள்.

இரண்டு, இத்தாலியரான பாவ்லோ பெதெர்சினியின் மொலேஇண்டஸ்ட்ரியா 2011இல் வெளியிட்ட ‘போன் ஸ்டோரி’. கைபேசி செய்யப்படும் கதையைக் கைபேசியிலேயே ஆடும் சின்ன கேம். காங்கோவில் கோல்டான் தோண்டும் சிறுவர்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டுவது ஆடுபவரின் வேலை. அப்புறம் தொழிற்சாலைக் கூரையிலிருந்து குதிக்கும் தொழிலாளிகளை வலையில் பிடிக்க வேண்டும். ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2010இல் நடந்த தொடர் தற்கொலைகளும், அதற்குப் பின் கட்டப்பட்ட வலைகளும் இதன் பின்னணி. வெளியீட்டை அறிவித்த அன்றே ஆப்பிள் தன் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. பாண்டி பஜாரில் கைபேசி வாங்குபவருக்கு இது தூர தேசத்துக் கதை இல்லை. அதே ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ‘போன் ஸ்டோரி’யைச் சென்னையில் பரிந்துரைப்பவர் இந்தச் சாலையையும் சேர்த்தே பரிந்துரைக்க வேண்டும்.

மூன்று, குஜராத்தின் ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ். இல்லாத ஒரு எழுத்தாளரை, மீர் உமர் ஹாசன் என்று பெயர் வைத்துப் படைத்து, அவருடைய கதைகளைத் தழுவுவதாகச் சொல்லிக் கேம் செய்கிறார்கள். போர்ஹேயைக் கொண்டாடிய நமக்கு இந்த விளையாட்டு புரியாதா என்ன. இவர்களுடைய கேம்கள் பல இட்சில் இலவசம். 2020இல் வந்த ‘தி இண்டிஃபரண்ட் ஒண்டர் ஆஃப் அன் எடிபிள் ப்ளேஸ்’ஸில் நகராட்சி ஊழியர் ஒருவர் வருகிறார். கட்டடம் தின்பது அவர் உத்தியோகம். தின்னத் தின்ன அங்கே இருந்ததன் வரலாறும் போகிறது. 1992 டிசம்பருக்குப் பிறகு இந்தியாவில் இடிப்பு என்பது வெறும் இடிப்பு அல்ல. ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகளை இடித்தபோது அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில் நடந்தது அது. அந்தக் கேமைக் கோவிந்தசாமி நகரை நினைத்துக்கொண்டு ஆடும்போது குஜராத்தில் எழுதப்பட்ட பிரதி சென்னைப் பிரதியாகிறது.

5

இந்த வெளியும் பத்திரமானதல்ல. 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடிக்குப் பணிந்து ஸ்டீம் பாலியல் உள்ளடக்கம் கொண்ட பல கேம்களை நீக்கியது. இட்ச் ஒருபடி மேலே போய், வயது வந்தோருக்கு என்று குறிக்கப்பட்ட படைப்புகள் எல்லாவற்றையும் தேடலிலிருந்தே எடுத்துவிட்டது. அவற்றில் பாலினச் சிறுபான்மையினர் தம் வாழ்க்கையைப் பற்றிச் செய்தவையும் அடக்கம். கோர்ட்டு இல்லை, ஆணை இல்லை, புத்தக எரிப்பும் இல்லை. தேடினால் வராது, அவ்வளவுதான். தணிக்கை இப்போது பட்டியலில் நடக்கிறது. அதனால்தான் இயந்திரத்துக்கு வெளியே ஒரு பட்டியல் வேண்டும் என்கிறேன்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. விழாக்களில் பரிசு பெற்றதோடு நிற்காமல் இறுதிப் பட்டியலுக்கு வந்தவற்றைத் தேடுங்கள், வினோதமானவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு கேம் பிடித்தால் அதைச் செய்தவரின் பழைய சின்னச் சின்ன வேலைகளுக்குப் போங்கள். 48 மணிநேரத்தில் கேம் செய்து முடிக்கும் லுடம் டேர் போன்ற பட்டறைகள் 2002லிருந்து நடக்கின்றன. அங்கே செய்து போட்டவை பல இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். வாங்கிய கேம் பிடித்திருந்தால் நாலு வரி கருத்து எழுதிப் போடுங்கள். பத்துப் பேர் வேண்டிய இடத்தில் உங்கள் ஒருவர் எழுத்து பத்தில் ஒரு பங்கு.

தனியாக ஆடவும் வேண்டாம். அடையாறில் ஒரு மொட்டை மாடி, ஒரு லேப்டாப், ஏழெட்டுப் பேர். ஒருவர் ஆட, மற்றவர்கள் ‘அதைத் தொடாதே’, ‘இவரை உள்ளே விடு’ என்று சண்டை போடலாம். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ஸை அப்படி ஆடினால் குடியுரிமைச் சட்டம் பற்றிய கருத்தரங்கு ஒன்று தானாகவே நடந்துவிடும்.

அப்புறம் எழுத வேண்டும். கதைச் சுருக்கமும் மதிப்பெண்ணும் வேண்டாம். இந்தக் கேம் நம்மை யாராக ஆக்குகிறது, எந்த விதியைக் கேள்வி கேட்காமல் ஏற்க வைக்கிறது, தோற்பவர் யார், காசு யாருக்குப் போகிறது, இதை நம் தெருவில் வைத்து ஆடினால் என்ன தெரிகிறது. இந்த ஐந்து கேள்விக்கு ஒரு பக்கம் போதும். சிறுபத்திரிகைகள் இதழுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் வருஷத்துக்கு நாலு கேம். ஸ்டீமில் ஒரு நாளைக்கு வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கட்டும். நம் பத்திரிகைகளும் என்றைக்கு எண்ணிக்கையை நம்பி நடந்தன? முதல் பக்கத்தை யார் எழுதுகிறீர்கள்?